எனக்கும் பிடித்தம் வேண்டும்

1

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்தால் மலாயாவுக்குப் போவார்கள். என் அண்ணன் போனார், மைத்துனர் போனார், எங்கள் ஒழுங்கையில் நாலு வரி ஆங்கிலம் படித்த பொடியன்கள் எல்லோரும் போனார்கள். நாங்கள் மட்டும் தலைமன்னாரில் கப்பலேறி, தலைசுற்றுவதற்குக்கூட நேரமில்லாமல் தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து மதுரைக்கு வந்து சேர்ந்தோம். "மதுரையும் ஒரு வெளிநாடோ?" என்று என் மாமியார் கேட்டார். வந்து இறங்கிய அன்று எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. மொழி ஒன்றாயிருக்கும் நாட்டில்தான் மனிதர் அதிகம் தடுமாறுவார்கள்.

இவருக்கு இங்கே ஒரு பஞ்சாலையில் பண்டகசாலைக் குமாஸ்தா வேலை. எனக்கு அதே ஆலையின் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை. வீடு வைகைக்கு வடகரையில், செல்லூரில். காலையில் தறிச் சத்தத்தில் கண்விழித்து, நூல் காயப்போட்ட சந்துகளில் குனிந்து நிமிர்ந்து, ஆற்று மணலைக் கடந்து, ஆரப்பாளையம் பக்கம் ஆலைக்குப் போகிறோம். ஆறு என்று பெயர்தான். வருஷத்தில் பெரும்பகுதி நடந்தே கடக்கலாம். தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும். அன்று எல்லோரும் தாமதம், எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்தச் சித்திரையோடு நாங்கள் வந்து இன்னொரு வருஷம் முடிந்தது. அதே வாரத்தில் எங்கள் மகள் திலகம், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, நான் போயிட்டு வாரேன்."

"வாறன் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

"நீங்க சொல்றது தப்பும்மா. எங்க டீச்சரே வாரேன்னுதேன் சொல்றாக."

கைக்குழந்தையாகக் கொண்டுவந்த பிள்ளை. இப்போது எனக்குத் தமிழ் படிப்பிக்கிறது. நாங்கள் 'ஓம்' என்றால், அது 'ஆமா' என்று திருத்துகிறது. இவர் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் கை வேறொரு கதைக்குப் போய்விட்டது. ஆலையில் சம்பளத்தில் பிடித்தம் வந்த கதை அது.

2

முதலில் மாயக்காவைச் சொல்ல வேண்டும். ஆனையூரிலிருந்து தினமும் நடந்து வந்து, செல்லூரில் என்னோடு சேர்ந்துகொண்டு ஆற்றைக் கடப்பவள். ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. அவள் கணவர் விருமாண்டி நூற்புப் பகுதியில் மேஸ்திரி. பெரிய மீசை, பெரிய குரல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாயக்காவுக்குப் பிரசவம். விருமாண்டி ஆஸ்பத்திரி முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பிள்ளை பிறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. நான் வெளியே வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "நீங்கள் வேலைக்குப் போட்டு ஆறுதலாய் வாங்கோ" என்றேன். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம்.

அந்த மீசை நடுங்கியது. மனிதர் அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "ஆத்தா மீனாட்சி, என்னை இப்பிடிப் பண்ணிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் திகைத்துப் போய் நிற்கிறேன். உள்ளேயிருந்து மாயக்கா கத்துகிறாள்: "ஏய்யா, நான் இங்க வலியில சாகுறேன், நீ எதுக்குய்யா அங்க ஒப்பாரி வைக்கிற?"

மனைவியின் குரல் கேட்டதும் அழுகை நின்றது. இந்த ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்லுவது என்று கம்பவுண்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. விருமாண்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "நர்ஸம்மா, இனிமே எங்கிட்ட நீங்க இங்கிலீஷ்லயே பேசுங்க. புரியாட்டியும் பயமில்லாம இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்று.

3

சில வருஷங்கள் போயின. ஒரு நாள் ஆலை வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் 'பிராவிடண்ட் பண்டு'. தமிழில் சேமநிதி என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நிரந்தரமாய் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். கம்பெனி தன் பணத்திலிருந்து அதே அளவு போடும். இரண்டும் வட்டியோடு வளர்ந்து, வயதாகி வேலையை விடும்போது கைக்கு வரும்.

ஆலை கொதித்தது. இங்கே 'பிடித்தம்' என்றால் அபராதம். சங்கு ஊதிய பிறகு வந்தால் பிடித்தம், நூல் அறுந்தால் பிடித்தம், மேஸ்திரியை முறைத்துப் பார்த்தால் பிடித்தம். இப்போது ஒரு குற்றமும் செய்யாமலே பிடிக்கப் போகிறார்கள் என்றால்?

இவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று எல்லோரும் பண்டகசாலை வாசலில் வந்து கூடினார்கள். விருமாண்டிதான் முன்னால்.

"ஏண்ணே, எங்க காசைப் பிடிச்சு எங்களுக்கே திருப்பிக் குடுப்பாகளாம். அதுக்கு அது எங்க கையிலயே இருந்துட்டுப் போகட்டுமே?"

"நீங்கள் ஒரு பங்கு போட்டால் கம்பெனியும் ஒரு பங்கு போடும் விருமாண்டி."

"கம்பெனி எதுக்குண்ணே போடணும்? நாங்க என்ன மாமன் மச்சானா?"

கூட்டம் சிரித்தது. இவர் பொறுமையாய் விளங்கப்படுத்தினார். பழகிய ஆட்கள் வேலையை விட்டுப் போகாமலிருந்தால் ஆலைக்கும் லாபம், அதற்காகத்தான் போடுகிறார்கள் என்றார். கம்பெனிக்கும் ஏதோ லாபம் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராய்க் கையெழுத்துப் போட்டார்கள். விருமாண்டியும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

நானும் ஹெட்கிளார்க்கின் அறைக்குப் போனேன். அவர் பெயர் சுப்பராமன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பட்டுநூல்காரக் குடும்பம். நல்ல மனிதர், வெற்றிலைப் பிரியர்.

"உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன்.

"கதையெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம்மா. இப்ப வேலை நேரம்."

"கதையில்லை ஐயா. என்ரை சம்பளத்திலையும் பண்டுக்குப் பிடிக்க வேணும்."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "பொம்பளைகளுக்குக் கிடையாதும்மா. ரூல்ல 'ஹீ'ன்னுதான் போட்டிருக்கு. ஆம்பளைன்னு அர்த்தம். அதான் சார் பேர்ல பிடிக்கிறோமே, அது உங்களுக்குத்தானே? பிடிக்காதீங்க, பிடிக்காதீங்கன்னு ஊரே வந்து என் உசிரை வாங்குது. முழுச் சம்பளத்தையும் வாங்கிட்டு நிம்மதியா இருங்களேன்."

நிம்மதியாய் இருக்க முடியவில்லை. ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே மாதக் கடைசி. கூலியைக் கொடுக்கும்போது நான் வேலைக்காரி, முதுமையைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் ஒருவரின் மனைவி. இது எப்படிப் பொருந்தும்?

4

அன்று சாயங்காலம் தேத்தண்ணீர் கொடுக்கும்போது இவரிடம் சொன்னேன். (மதுரையில் எல்லோரும் காப்பிதான். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் தேத்தண்ணீர்.)

"இஞ்சாருங்கோ, என்ரை பேரிலையும் பிடிக்கச் சொல்லித் துரையிட்டைக் கேக்கப் போறன்."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன்? என்ரை சம்பளத்திலை பிடிக்கிறது ஆருக்கு? உமக்கும் பிள்ளைக்கும்தானே?"

"அது தெரியும்."

"நான் உமக்கு ஏதும் குறை வைச்சனானோ?"

"இல்லை. நீங்கள் தருவியள். கேக்க முந்தியே தருவியள். ஆனா அது நீங்கள் தாறது. இது நான் உழைக்கிறது."

இவர் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார்.

"ஊரிலை சீதனக் காணி என்ரை பேரிலைதானே கிடக்கு? அதாலை உங்களுக்கு ஏதும் குறைஞ்சு போச்சுதோ?"

"அது வழமை."

"இதையும் வழமையாக்குவம்."

இவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். இவர் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. வாளியை மட்டும் வழக்கத்தைவிடப் பலமாய்க் கிணற்றுக்குள் விடுவார். திலகம் வாசலிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து அறிவித்தாள்: "அப்பாவுக்குக் கோவம். அம்புட்டுத்தேன். பேசாம இருங்க."

மறுநாள் காலை ஆற்று மணலில் இவர் வெகுதூரம் முன்னே நடந்தார். பின்னால் நானும் மாயக்காவும்.

"என்ன நர்ஸம்மா, சார் ரயிலைப் பிடிக்கப் போறாப்புல போறாக?"

சொன்னேன். அவள் இடுப்பில் கைவைத்து மணலிலேயே நின்றுவிட்டாள். "எனக்கும் பிடிக்கச் சொல்லுங்கம்மா."

"உனக்குமா? ஏன்?"

"கையில குடுத்தா நிக்குதாம்மா? வீட்டு வாசப்படி ஏறுறதுக்குள்ள அவுக தம்பிக்கு ஒரு வேட்டி, நாத்தனா புள்ளைக்குக் காதுகுத்து, அங்கிட்டு ஒரு கோயில் வரி. நான் வேணாம்னா சொல்ல முடியும்? மில்லுல பிடிச்சுட்டாகன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாக. அம்புட்டுப் பேரும் மில்லைத்தேன் வையுவாக. வஞ்சுட்டுப் போகட்டும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்னே போன இவர் திரும்பிப் பார்த்தார்.

5

மத்தியானம் மானேஜர் துரையின் அறைக்குப் போனோம். மாயக்கா வாசலில் நின்றாள், நான் உள்ளே போனேன். சுப்பராமன் துரையின் மேசையருகே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல். எத்தனையோ பிரசவத்தில் பதறாத கை அன்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. துரைக்குக் கோபம் வந்து என்னை வேலையிலிருந்து நிறுத்தினால்? கேட்கக் கூடாத இடத்தில் கேட்டவள் என்ற பெயரோடு எங்கள் ஊர் சங்கானைக்குத் திரும்பிப் போவதா?

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இவர். காதில் செருகிய பென்சிலோடு பண்டகசாலையிலிருந்து நேரே வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். துரை என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துக் கேட்டார்: "உன் அபிப்பிராயம் என்ன?"

இவர் சொன்னார்: "நான் துணைக்கு வந்தேன் ஐயா. சம்பளம் அவளுடையது. அவளைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் எனக்கு வாங்கித் தந்த சேலைகள், நகைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைக்கலாம். அந்தச் சொல்லை மறுபக்கம் வைப்பேன்.

துரை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இந்த மாதம் முழுக்க என்னிடம் வந்தவர்கள் பிடிக்காதே என்றார்கள். பிடி என்று வந்த முதல் ஆள் நீ. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்கள் பிள்ளை பிறந்ததும் நின்றுவிடுகிறார்கள். நிற்கப் போகிறவர்களுக்குச் சேமநிதி எதற்கு?"

"யார் சொன்னது ஐயா? அந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவருகிறவள் நான். அவர்களின் தாய்மார் யார் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வாசலில் ஒருத்தி நிற்கிறாள். அவளையே கேளுங்கள்."

மாயக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் துரையைக் கண்டு கொஞ்சமும் கூசவில்லை.

"துரை, இந்த மில்லுச் சங்கு மொதமொதல்ல ஊதுனப்பவே நான் உள்ள இருந்தேன். எத்தனையோ மேஸ்திரி வந்தாக, போனாக. எம் புருசனே எனக்கு அப்புறம் வந்தவுகதேன். நான் இன்னமும் இங்கதேன் இருக்கேன். நூலு அறுந்தா எங்கிட்டப் பிடிக்கத் தெரியுதுல்ல? அப்ப எனக்காகவும் கொஞ்சம் பிடிங்க."

சுப்பராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "கம்பெனியில் தான் மிகவும் சந்தோஷமாய் இருப்பதாகச் சொல்கிறாள்."

"இல்லை ஐயா" என்று நான் குறுக்கிட்டேன். அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். புருசனையும் விடவில்லை.

துரை மேசையில் தட்டிச் சிரித்தார். சுப்பராமன் முகம் சிவந்து, என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "வீட்டுல ஒரு பாஷை, ரோட்டுல ஒரு பாஷை, ஆபீசுல ஒரு பாஷை. தூக்கிட்டு வர்ற வழியில கொஞ்சம் சிந்திப்போச்சும்மா, மன்னிச்சுக்கங்க."

சென்னையிலிருக்கும் முதலாளிமாரிடம் கேட்டுச் சொல்வதாகத் துரை சொன்னார். அறையை விட்டு வெளியே வந்ததும் இவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"நேற்றுத் தண்ணி அள்ளேக்கை யோசிச்சனான்" என்றார். "எங்கடை அம்மா காணி வித்துத்தான் என்னைப் படிப்பிச்சவ. அது அவவின்ரை சொந்தக் காணி. அவவின்ரை பேரிலை கிடந்தபடியால்தான் எங்கடை அப்பாவாலை அதை முந்தியே வித்துச் செலவழிக்க முடியேல்லை."

என் மாமியார் அப்படிப்பட்டவர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

6

ஆடி கழிந்து ஆவணியில் பதில் வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கும், நூல் சுற்றும் பகுதியில் நீண்டகாலம் வேலை பார்த்த பெண்களுக்கும் சேமநிதி உண்டு. செய்தி கேட்டதும் அந்தப் பகுதியில் குலவைச் சத்தம் கேட்டது. இயந்திரச் சத்தத்தையும் மீறி ஆஸ்பத்திரிவரை கேட்டது. கல்யாண வீடோ என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி கட்டிலிலிருந்து எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் பெயர் பதியும் நாள் வந்தது. ஆலை ஆபீஸ் வாசலில் எல்லோரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வரிசையாய் நின்றார்கள். சம்பளத்தைக் குறைக்க இத்தனை பேர் பூ வைத்துக்கொண்டு வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் சுப்பராமன் ஒரு கேள்வி கேட்டார். ஒருவேளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும்?

மாயக்கா முறை வந்தது. "எம் மகளுக்கு" என்றாள் சட்டென்று.

"ஏ புள்ள, நான் இல்லையா?" என்றார் விருமாண்டி பின்னாலிருந்து.

"உங்களுக்குத்தேன் தனியாப் பிடிக்கிறாகளே, பெறகென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். விருமாண்டியும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "மாப்ள, என் பண்டுல அவ பேரைத்தேன் போட்டிருக்கேன். அவ கணக்கா இருக்கா பாரு" என்று பெருமையாகவே சொன்னார்.

அடுத்தது நான்.

மகள் பெயரைச் சொல்லத்தான் நினைத்துப் போயிருந்தேன். ஆனால் சீதனக் காணி எப்படியும் அவளுக்குத்தான். அது என் தாய் தந்தது, நான் அவளுக்குக் கொடுப்பேன். இது ஒன்றுதான் நானே உழைத்தது, யாருக்கு வேண்டுமானாலும் நான் கொடுக்கலாம். பண்டகசாலை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு.

"இவருக்குத்தான்" என்றேன்.

"இவருன்னா?" சுப்பராமன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தார். "பேரு வேணுமேம்மா."

"உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். பண்டுக்குத் தெரியாதே." அவர் கண்களில் குறும்பு இருந்தது. துரையின் அறையில் அவர் மொழிபெயர்ப்பை நான் திருத்தியதற்கு இப்போது பதில் செய்கிறார். "வாயால சொல்லணும்மா. உங்க பண்டு, உங்க வாக்கு."

கணவன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று எங்கள் ஊரில் சொல்லி வளர்த்தார்கள். மதுரையிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கரையும் ஒரே ஊர். கடிதத்தின் உறையில்கூட இவர் பெயரை இவரையே எழுதச் சொல்லுவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயால் வந்ததேயில்லை.

"சொல்லுங்க நர்ஸம்மா" என்றாள் மாயக்கா. "ஒண்ணும் ஆயிராது."

பின்னால் வரிசையில் பேச்சு நின்றது. உள்ளே தட்டச்சுக்காரரும் கையை நிறுத்தினார். எனக்கு முகம் சுட்டது, சிரிப்பும் வந்தது. மூச்சை இழுத்துவிட்டு, முற்றம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நாகலிங்கம்!"

பண்டகசாலை வாசலில் நின்ற மனிதர், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடப்பட்ட பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்று, "ஓம்!" என்றார்.